கிவ்டைரக்ட்லி: ஏழைக் குடும்பத்தின் கைக்கே பணம் அனுப்பும் சேவை எப்படி?

வறுமையைக் குறைக்கக் கோழிக்குஞ்சு கொடுக்கிறார்கள், தையல் மிஷின் கொடுக்கிறார்கள், சிறுகடன் கொடுக்கிறார்கள், பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். இதில் எதையும் செய்யாமல் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்பதை வாங்குபவரிடமே விட்டுவிடுகிற அமைப்பு கிவ்டைரக்ட்லி. கொஞ்ச காலமாக மாதாமாதம் இதன் வழியாகப் பணம் அனுப்பி வருகிறேன். இதைப்பற்றி வந்த ஆய்வுகளில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தும் இருக்கிறேன். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வளரும் நாடுகளில் இருக்கிற மிக ஏழைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும், ஆனால் யாரை நம்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். குறைகள் இல்லாமல் இல்லை, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இதை ஆரம்பித்தவர்கள் மைக்கேல் ஃபே, பால் நீஹாஸ், ஜெரமி ஷாபிரோ, ரோஹித் வான்சூ என்ற நான்கு பேர். ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் படித்துக்கொண்டிருந்தபோது முதலில் தங்கள் கைக்காசைத்தான் இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள், 2011-ல் பொதுமக்களிடமும் நன்கொடை வாங்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கென்யாவில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அங்கே 2007-லேயே எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்துவிட்டது. சாதாரண பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பலாம், வாங்கலாம், பக்கத்துக் கடையில் இருக்கும் முகவரிடம் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொள்ளலாம். வங்கிக் கிளையே பார்க்காத கிராமத்துக்கும் பணம் போய்ச்சேரும் பாதை அப்படித் திறந்தது. இந்தப் பாதையே ஒரு வறுமை ஒழிப்பு வேலைதான் என்பது பிறகு தெரியவந்தது. எம்-பெசா வந்ததால் கென்யாவில் சுமார் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மேலே வந்தன என்று பொருளாதார ஆய்வாளர்கள் தவ்நீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நாட்டில் இருக்கும் குடும்பங்களில் அது ஏறத்தாழ 2 சதவீதம். யாரும் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை, பணத்தை அனுப்பவும் சேர்த்துவைக்கவும் ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

சேவை நடக்கும் விதம் இப்படி. முதலில் மிக ஏழ்மையான பகுதி எது என்று பார்த்து ஊர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் மக்களிடமும் போய் விளக்குகிறார்கள். வீடுவீடாகக் கணக்கெடுக்கிறார்கள், பெயர் பதிகிறார்கள், பதிந்தது சரிதானா என்று பார்க்க இன்னொரு குழு தனியாக வருகிறது. போன் இல்லாதவர்களுக்கு போன் கிடைக்க ஏற்பாடு செய்கிறார்கள். அப்புறம் பணம் போகிறது. போன பிறகு கூப்பிட்டு, பணம் வந்ததா, யாராவது பங்கு கேட்டார்களா, வீட்டில் சண்டை வந்ததா என்று விசாரிக்கிறார்கள். பணம் வாங்கியவர்கள் தாங்களாகவே கூப்பிட்டுப் புகார் சொல்ல ஒரு எண்ணும் இருக்கிறது. கென்யாவில் நடந்த பெரிய திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது சுமார் 1,000 டாலர். நிபந்தனை எதுவும் கிடையாது, திருப்பித் தரவும் வேண்டாம்.

நன்கொடை கொடுப்பவர் பக்கத்தில் வேலை சுலபம். தளத்துக்குப் போய் எந்தத் திட்டம் என்று தேர்ந்தெடுக்கலாம், ஒரே தடவையா மாதாமாதமா என்று சொல்லலாம், அட்டையில் கட்டலாம். வரிச்சலுகை நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது, அதை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் முதலில் எதிர்பார்ப்பது ஒரு முகத்தை. 'இந்தக் குழந்தைக்கு நான்தான் உதவுகிறேன்' என்று காட்டுகிற புகைப்படமும் கடிதமும் இங்கே கிடைக்காது. உங்கள் பணம் எந்தக் குடும்பத்துக்குப் போகவேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நிறையப் பேருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், எனக்கு இதுதான் இந்தச் சேவையில் மிகவும் பிடித்த அம்சம். பணம் கொடுப்பவர் ஆளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? சிரித்த முகமுள்ளவர், நல்ல கதை வைத்திருப்பவர், புகைப்படத்தில் அழகாகத் தெரிபவர் முந்திக்கொள்வார். வயதானவர், பேசத் தெரியாதவர், முகம் காட்ட விரும்பாதவர் பின்னுக்குப் போவார். தன் வறுமையைக் காட்சிக்கு வைத்தால்தான் சாப்பாடு என்ற நிலை யாருக்கும் வரக்கூடாது.

முகத்துக்குப் பதிலாக அவர்கள் தருவது வேறொன்று. பணம் வாங்கியவர்கள், சம்மதித்தால், கேள்விகளுக்குச் சொன்ன பதில்களைத் தளத்தில் தொடர்ந்து போடுகிறார்கள். கூரைத் தகரம், மாடு, பள்ளிக் கட்டணம், பழைய கடன் அடைப்பு என்று பதில்கள் ஓடும். பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான். விளம்பரத்துக்காகச் செதுக்கிய வாக்கியங்கள் இல்லை, நடுவில் புகார்களும் வரும். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். வறுமையில் இருப்பவருக்கு என்ன தேவை என்று தூரத்திலிருந்து நாம் போடும் பட்டியலுக்கும், அவர்கள் உண்மையில் வாங்குவதற்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது ஒரு பக்கம் படித்தாலே புரியும். ஒரே ஊரில் ஒருவருக்குக் கூரை அவசரம், அடுத்தவருக்கு மகளின் படிப்பு, மூன்றாமவருக்கு விதை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆடு கொடுத்திருந்தால் இதில் இரண்டு பேர் அந்த ஆட்டை விற்றுத்தான் தங்கள் தேவையைப் பார்த்திருப்பார்கள்.

'சும்மா பணம் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள்.' இந்தச் சேவையைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் வரும் வாக்கியம் இது. நான் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்பேன், ஆனால் கோபத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மேற்குக் கென்யாவில் ராரியெடா என்ற பகுதியில், குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்குக் கொடுத்து, கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டு யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபரும் ஜெரமி ஷாபிரோவும் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. சாப்பாடு மேம்பட்டது, சொத்து சேர்ந்தது, மன உளைச்சல் குறைந்தது. ஷாபிரோ இந்த அமைப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர் என்பதைக் கவனித்திருப்பீர்கள், சந்தேகம் வருவது நியாயம். ஆனால் பல நாடுகளில் மற்றவர்கள் நடத்திய ரொக்க உதவித் திட்டங்களை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்: பணம் கிடைத்ததால் குடியும் புகையும் கூடவில்லை. மெக்சிகோ 1997-லும் பிரேசில் 2003-லும் தொடங்கிய அரசுத் திட்டங்களில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும், மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோகவேண்டும் என்று நிபந்தனைகள் இருந்தன, பணமும் பெரும்பாலும் தாய்மார் கையில்தான் போனது. கிவ்டைரக்ட்லி அந்த நிபந்தனைகளையும் எடுத்துவிட்டது.

இன்னொரு பயம், திடீரென்று இவ்வளவு பணம் ஊருக்குள் வந்தால் விலைவாசி ஏறிவிடும், வாங்காதவர்கள் நொந்துபோவார்கள் என்பது. இதைச் சோதித்த ஆய்வுதான் என்னை முழுசாக இந்தப் பக்கம் இழுத்தது. கென்யாவின் சியாயா பகுதியில் 653 கிராமங்கள், கிவ்டைரக்ட்லியிடம் பணம் பெற்றவை 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,000 டாலர். அந்தப் பகுதியின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டாலே வந்த பணம் பெரியது. ஆனாலும் விலை ஏறியது சராசரியாக 0.1 சதவீதம் மட்டும். வந்த ஒவ்வொரு டாலரும் கைமாறிக் கைமாறி, உள்ளூர்ப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்கு நடமாட்டத்தை உண்டாக்கியது. வாங்கியவர் செலவு செய்தார், கடைக்காரருக்கு வியாபாரம் கூடியது, அவர் வேறொருவரிடம் வாங்கினார். அதனால் பணம் வாங்காத குடும்பங்களின் வாழ்க்கையும் உயர்ந்தது. ஆள் வராமல் பாதி நேரம் சும்மா இருந்த கடையும் மாவு மில்லும் இருந்த ஆளையும் இயந்திரத்தையும் வைத்தே கூடுதல் வேலையைச் செய்துவிட்டன, அதனால்தான் விலை ஏறவில்லை என்று விளக்குகிறார்கள். டென்னிஸ் எக்கர், ஹவுஸ்ஹோஃபர், எட்வர்டு மிகெல், நீஹாஸ், மைக்கேல் வாக்கர் ஆகியோர் எழுதிய இந்த ஆய்வு 2022-ல் எகனோமெட்ரிகா என்ற பொருளாதார ஆய்விதழில் வந்தது.

அதே ஊர்களைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு குழந்தை பிறப்பு இறப்புக் கணக்கைப் பார்த்து 2025-ல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பணம் வாங்கிய குடும்பங்களில் ஒரு வயதுக்குள் குழந்தை இறப்பது 48 சதவீதம் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட பாதி. இதைப் படித்த அன்று வேறு எதுவும் படிக்க முடியவில்லை. எப்படிக் குறைந்தது என்று பார்த்தால் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பிள்ளை பெற்றுக்கொள்ள முடிந்தது, பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதங்களிலும் பிறந்த புதிதிலும் தாய் வேலைக்கு ஓடாமல் கொஞ்சம் ஓய்வெடுக்க முடிந்தது, சாப்பாடு கூடியது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்தப் பலன் அதிகமாகத் தெரிந்தது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த இடங்களில். போய்ச்சேர ஆஸ்பத்திரியே இல்லாத ஊரில் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பணம் வேண்டுமா ஆஸ்பத்திரி வேண்டுமா என்று சண்டை போடுபவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்கவேண்டும். அரசாங்கம் ஆஸ்பத்திரி கட்டி டாக்டரை உட்காரவைத்தால்தான் கையில் இருக்கும் பணம் உயிரைக் காக்கும், கையில் பணம் இருந்தால்தான் கட்டிய ஆஸ்பத்திரிக்கு ஏழை வருவார்.

மாதம் கொஞ்சமாகவா, மொத்தமாகவா என்ற கேள்விக்கும் கென்யாவிலேயே ஒரு நீண்ட சோதனை நடக்கிறது. சிலருக்கு மாதம் சுமார் 22.50 டாலர் வீதம் 12 வருடம், சிலருக்கு அதே தொகை இரண்டு வருடம் மட்டும், சிலருக்கு மொத்தமாக ஒரே தடவை. 2023-ல் வந்த முதல்கட்ட முடிவுகளில், சிறுதொழில் தொடங்குவதில் மொத்தமாக வாங்கியவர்களும் 12 வருட உறுதி உள்ளவர்களும் முன்னால் இருந்தார்கள், இரண்டு வருடம் மட்டும் வாங்கியவர்கள் பின்னால். நீண்டகாலம் வரும் என்று தெரிந்தவர்கள் தங்களுக்குள் சீட்டு மாதிரி சேர்ந்து, மாதப் பணத்தை முறைவைத்து மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து யாரும் சொல்லித்தரவில்லை. இலவசமாக வருவதால் சோம்பேறிகளாகி வேலையை விட்டுவிட்டார்களா என்றால், அதுவும் நடக்கவில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

பெரியது காங்கோ திருட்டு. காங்கோ ஜனநாயகக் குடியரசின் தெற்குக் கிவு பகுதியில், அமைப்பின் சொந்த ஊழியர்களே கூட்டுச் சேர்ந்து, ஏழைகளுக்குப் போகவேண்டிய சுமார் 9 லட்சம் டாலரைத் தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த சிம் கார்டுகளுக்குத் திருப்பிவிட்டார்கள். திருட்டு நடந்தது 2022-ல், அமைப்பு அதை வெளியே சொன்னது 2023-ல். அங்கே பாதுகாப்புக் காரணம் சொல்லி வழக்கமான நடைமுறையைத் தளர்த்தி, சிம் பதிவை உள்ளூர் ஊழியர்களிடமே விட்டிருந்தார்கள். பதிவு செய்பவரும் சரிபார்ப்பவரும் வேறுவேறு ஆளாக இருக்கவேண்டும் என்ற அடிப்படையே அங்கே உடைந்துபோனது. போரில் எல்லாம் இழந்த குடும்பத்தின் பெயரில் வந்த பணத்தை எடுத்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. தாங்களே அறிக்கை வெளியிட்டு, எங்கே தவறினோம் என்று விவரமாக எழுதினார்கள் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் கண்டுபிடிக்கப் பல மாதம் ஆனது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். மோதல் நடக்கும் பகுதிகளில் எந்த நிதி அமைப்புக்கும் இந்த ஆபத்து உண்டு, அதற்காக அந்தப் பகுதிகளைக் கைவிடவும் முடியாது.

அடுத்தது, யாருக்குக் கொடுப்பது என்ற சிக்கல். ஆரம்ப காலத்தில் ஓலைக்கூரை வீடு இருந்தால் தகுதி, தகரக்கூரை இருந்தால் இல்லை என்று வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு எளிது, ஆனால் தகரம் போட்ட வீட்டுக்குள்ளும் பட்டினி இருக்கும். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு 1,000 டாலர், அடுத்த வீட்டுக்கு ஒன்றுமில்லை என்றால் மனத்தாங்கல் வராமல் இருக்குமா? வாங்காத அண்டை வீட்டாரின் மனநிறைவு குறைந்ததை அதே ராரியெடா ஆய்வுக் குழு பதிவு செய்திருக்கிறது. மூன்று வருடம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது, வாங்காதவர்கள் சற்றுப் பின்தங்கியிருக்கலாம் என்ற அறிகுறியும் தெரிந்து, அதை எப்படிப் படிப்பது என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. சியாயா ஆய்வு அந்தக் கவலையைப் பெருமளவு குறைத்தாலும், பக்கத்து வீட்டுக்காரரின் மனசு விலைவாசிக் கணக்கில் வராது. இப்போது பல இடங்களில் ஊர் முழுக்கக் கொடுக்கிறார்கள். செலவு அதிகம்தான், ஆனாலும் இதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

கென்யாவின் ஹோமா பே பகுதியில் வேறொரு விதமான சிக்கல். கேட்காமலேயே யாரோ வந்து பணம் தருகிறேன் என்றதும், இது சாத்தான் வேலை, பின்னால் பெரிய விலை கேட்பார்கள் என்று வதந்தி பரவி, தகுதியானவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. வாக்குறுதி கொடுத்துவிட்டு ஏமாற்றிப் போனவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் சந்தேகப்படத்தான் செய்வார்கள். நம்பிக்கையைச் சம்பாதிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அந்தச் செலவும் நன்கொடையிலிருந்துதான் போகும். 'நூறு டாலரும் அப்படியே போகட்டும், நிர்வாகச் செலவே கூடாது' என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். காங்கோவில் தவறியதும் சரிபார்ப்பில்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: இதற்குப் பக்கத்தில் பலரும் வைத்துப் பார்ப்பது கீவா என்ற சிறுகடன் தளம். 2005-ல் தொடங்கியது, சிறிய தொகையையும் கடனாகக் கொடுக்கலாம், திரும்பி வந்தால் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். நமக்கு வட்டி கிடையாது, ஆனால் அந்தந்த நாட்டில் கடனைக் கையாளும் நிறுவனங்கள் ஏழையிடம் பெரும்பாலும் வட்டி வாங்குகின்றன. தளத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் நபருக்குப் பெரும்பாலான நேரம் கடன் முன்பே கொடுக்கப்பட்டிருக்கும், நம் பணம் அந்த நிறுவனத்தின் கணக்கை ஈடுகட்டும். இது 2009-லேயே பொதுவெளியில் பெரிய விவாதமாகி, கீவாவும் தன் விளக்கங்களைத் திருத்தியது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் சிறுதொழிலுக்குக் கடன் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் மிக ஏழ்மையான குடும்பத்தைக் கடன் தூக்கிவிடும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, எத்தியோப்பியா, மங்கோலியா, போஸ்னியா என்று ஆறு நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்து 2015-ல் வெளியிட்டபோது, பலன் கொஞ்சம் உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் அளவுக்கு இல்லை என்றுதான் வந்தது. நாளைக்கு என்ன சாப்பிடுவது என்று தெரியாத குடும்பத்தின் தலையில் தவணை ஏற்றுவதை என்னால் உதவி என்று மனதார எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பணத்தை விடவும் சில இடங்களில் நன்றாக நிற்பது வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-ல் தொடங்கிய வழி: ஒரு கால்நடையோ சிறு முதலோ, சில காலத்துக்கு உணவுச் செலவுக்கு உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, வாராவாரம் வந்து பார்க்கும் ஒரு ஆள். ஆறு நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள், உதவி நின்ற பிறகும் பலன் நின்றது. ஆனால் ஆள்பலம் அதிகம் வேண்டும், வேகமாகப் பெரிதாக்குவது கடினம்.

நன்கொடைகளை எடைபோடும் கிவ்வெல் அமைப்பு கிவ்டைரக்ட்லியை 2022-ல் தன் முதன்மைப் பட்டியலிலிருந்து எடுத்தது. மலேரியா கொசுவலை, தடுப்பூசிக்கு ஊக்கத்தொகை போன்றவை ஒரு டாலருக்கு அதைவிடப் பல மடங்கு பலன் தருகின்றன என்பது காரணம். அப்புறம் 2024-ல் புதிய ஆதாரங்களைப் பார்த்துவிட்டு, ரொக்க உதவியின் பலன் தாங்கள் முன்பு மதிப்பிட்டதைவிட மூன்று நான்கு மடங்கு என்று உயர்த்தினார்கள். அப்போதும் கொசுவலையும் தடுப்பூசியும்தான் அவர்கள் கணக்கில் முன்னால் நின்றன. ஒரு உயிரைக் காப்பதே உங்கள் ஒரே அளவுகோல் என்றால் அங்கே கொடுப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நான் பணத்தைப் பிரித்துத்தான் கொடுக்கிறேன், பெரும்பகுதி இங்கே. தனக்கு எது முக்கியம் என்று முடிவு செய்யும் உரிமை ஏழைக்கும் உண்டு என்பது எனக்குப் பெரிய விஷயம்.

யாருக்கு ஒத்துவராது? பள்ளிக்கூடம், பாலம் என்று கண்ணுக்குத் தெரியும் ஒன்று எழும்பவேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு. ஒரு குழந்தையோடு கடிதத் தொடர்பு வேண்டும் என்பவர்களுக்கு. பொருள் வாங்கக் கடையே இல்லாத, சந்தை முழுதாக நின்றுபோன இடத்துக்கு உதவ நினைப்பவர்களுக்கும் பணம் முதல் பதில் இல்லை, அங்கே முதலில் உணவுதான் போகவேண்டும்.

கொடுக்கப் போகிறீர்கள் என்றால், சிறிய தொகையாக இருந்தாலும் மாதாந்திரமாக வையுங்கள். வரும் மாதம் எவ்வளவு பணம் வரும் என்று தெரிந்தால்தான் அவர்களால் அடுத்த ஊரில் பெயர் பதியத் துணிய முடியும். பேரிடர்ச் செய்தி வரும்போது மட்டும் பொங்கிவரும் நன்கொடையால் அது நடக்காது. திட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில், செய்தியில் அடிபடும் நாடு என்பதற்காக ஒன்றைத் தேடாமல், மிக ஏழ்மையான குடும்பங்களுக்கான ஆப்பிரிக்கத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டாலருக்கு அங்கே வாங்கக்கூடியது அதிகம். நான் மேலே சொன்ன ஆய்வுகள் நடந்ததும் அந்த மாதிரிக் கிராமங்களில்தான்.